வந்த தண்ணீர் போகும் வழி

எங்காவது பூமி அதிர்ந்தது என்று செய்தி வந்தால் போதும், உங்களில் நாலைந்து பேராவது வந்து, "ஐயா, நாங்களும் போகலாமா?" என்று கேட்கிறீர்கள். போங்கள் என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். கையில் வலுவும் மனதில் ஈரமும் இருக்கிற வயது உங்களுடையது. ஆனால் பையைக் கட்டுவதற்கு முன் ஹைட்டி நாட்டில் நடந்ததை முழுவதுமாகத் தெரிந்துகொண்டு போங்கள். என் உழைப்புக் காலமெல்லாம் குடிநீர்த் திட்டங்களில்தான் கழிந்தது. தொட்டி, குழாய், பம்பு, பிளீச்சிங் பவுடர், இவைதான் என் உலகம். ஹைட்டிக்கு நான் போனதில்லை. ஆனாலும் தண்ணீர் வேலை செய்யப் போகிறவர்கள் அந்த நாட்டைப் பற்றிப் படிக்காமல் எந்த முகாமுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

2010 ஜனவரி 12, மாலை 4.53 மணி. கரீபியக் கடலில் இருக்கும் அந்தச் சிறு நாட்டின் தலைநகரமான போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் மேற்கே, லியோகான் ஊருக்குப் பக்கத்தில் நிலம் அதிர்ந்தது. அளவு 7.0. இதைவிடப் பெரிய அதிர்வுகளை ஜப்பானும் சிலியும் தாங்கியிருக்கின்றன. ஹைட்டியிலோ கம்பி போதாத கான்கிரீட் கட்டடங்கள் அடுக்கடுக்காகச் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றது அந்நாட்டு அரசு. வீடிழந்து முகாம்களில் தங்கியவர்கள் உச்சகட்டத்தில் 15 லட்சம் பேர். பூங்கா, பள்ளி மைதானம், இடிந்துபோன அதிபர் மாளிகைக்கு எதிரே இருந்த ஷான் டெ மார்ஸ் திடல் என்று வெற்றிடம் கிடைத்த பக்கமெல்லாம் தார்ப்பாய்க் கூரைகள் முளைத்தன.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கம் வருவதற்கு முன்பும் அந்தத் தலைநகரத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் நெருங்கி வாழ்ந்த பெருநகரம் அது. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பாக ஒரு தேசிய இயக்ககம் சட்டப்படி உருவானதே 2009ஆம் ஆண்டில்தான். நாற்காலி போட்டு உட்கார்வதற்குள் ஊர் இடிந்துவிட்டது. "சீரமைப்பு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே பெரும்பாலான மக்களுக்குச் சீரமைத்துக் கொடுக்க முன்பு எதுவுமே இருந்ததில்லை. உடைந்த குழாயை ஒட்டவைக்கப் போகிறோம் என்று கிளம்பியவர்கள், குழாயே போகாத தெருக்களில் போய் நின்றார்கள்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். அந்த வேலை அங்கே நன்றாக நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசும் பல நாட்டு உதவி அமைப்புகளும் லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுபோய், முகாம்களில் விரித்துவைத்த பெரிய ரப்பர் பைத் தொட்டிகளில் நிரப்பின. அதிலிருந்து வரிசையாகக் குழாய்கள். பேரிடர்க் காலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மிகாமல், குழாயடி 500 மீட்டருக்குள், வரிசையில் நிற்பது அரை மணிக்குள், என்று ஸ்பியர் கையேடு உலகப் பொதுவான அளவுகளை வைத்திருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் அந்த எண்கள் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த லாரித் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தார்கள் என்பது.

குளோரின் போடுவது ஒரு கைத்தொழில். ஏதோ ஒரு கை அள்ளிப் போடுவது வேலைக்கு ஆகாது. கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 10,000 லிட்டர் தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட வேண்டுமென்றால் 20 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்குதான் குளோரின் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 67 கிராம் பவுடர். அதைத் தொட்டியில் நேரே கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். பிறகு கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நம் ஊர் டேங்க் ஆபரேட்டர்கள் குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்ப்பார்கள். இப்போது மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பாகும் முறை பரவலாகிவிட்டது. நிறம் வரவில்லை என்றால் போட்டதெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். மூட்டை வாய் திறந்தே கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். கலங்கல் தண்ணீரில் குளோரினை மண்ணும் அழுக்குமே தின்றுவிடும், கிருமி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்ட தண்ணீரை முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைக்காமல் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள். கிராமத்துக் கிணறுகளில் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலக்கித் தெளியவைத்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். தெளிந்த நீரும் சுத்தமான நீரும் வேறு வேறு என்றாலும், வரிசை அதுதான். முதலில் தெளிவு, பிறகு மருந்து.

இன்னொன்று. குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் குடத்தில் கெட்டுப்போகும். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் கைவிட்டு மொள்ளும்போது கழுவாத கை போதும், ஊரே செய்த வேலையைக் கெடுத்துவிட. குறுகிய வாயும் மூடியும் உள்ள கேன் கொடுப்பது செலவு என்று சில திட்டங்களில் விட்டுவிடுகிறார்கள். மிக மோசமான சிக்கனம் அது.

கழிவறைக்கு வந்தால், அங்கேதான் திணறல். சிமென்ட் தரையிலும் நெருக்கமான தெருவிலும் குழி வெட்ட முடியாது. பிளாஸ்டிக் கழிவறைக் கூண்டுகளை வரிசையாக நிறுத்தினார்கள், கீழே தொட்டி வைத்து மேலே மேடை கட்டிப் பார்த்தார்கள், சில இடங்களில் பைகளைக்கூடக் கொடுத்தார்கள். 20 பேருக்கு ஒரு கழிவறை என்பது கையேட்டுக் கணக்கு, அவசரத் தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று. எண்ணிக்கையை எட்டுவதற்குள் மாதங்கள் ஓடின.

எண்ணிக்கை கூடினாலும் போதாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து நம் கரையை அலை அடித்துப்போன பிறகு, நாகப்பட்டினம் பக்கம் தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போயிருந்தேன். கழிவறைகள் இருந்தன. குடிசை வரிசையைத் தாண்டி, விளக்கில்லாத மூலையில் இருந்தன. ஒரு மீனவ மூதாட்டி என்னிடம் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. இரவில் அங்கே போக வேண்டியிருக்குமே என்று பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதையே பெண்கள் நிறுத்திவிடுவார்களாம். 1995இல் ஜப்பானின் கோபே நகரம் இடிந்தபோதும் வயதானவர்கள் இதையேதான் செய்தார்கள். தங்குமிடங்களில் கழிவறை நிரம்பி நாறியதால் தண்ணீரைக் குறைத்தார்கள், உடம்பு கெட்டது. ஆளுக்கு 15 லிட்டர் என்று நாம் இங்கே கணக்கு எழுதிக்கொண்டிருக்கையில், அவர்கள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள். அதனால், இடத்தைக் குறிப்பதற்கு முன் பெண்களிடம் கேளுங்கள். உள்ளே தாழ்ப்பாள் உண்டா, விளக்கு உண்டா, மாதவிலக்குத் துணியை அலசவும் உலர்த்தவும் மறைவு உண்டா, குழந்தையை எங்கே உட்காரவைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பையன்கள் கேட்கக் கூச்சப்பட்டால் கூட வந்திருக்கும் பெண்பிள்ளைகள் கேட்கட்டும். கேட்காமல் மட்டும் கட்டாதீர்கள். கோபேயின் அனுபவத்துக்குப் பிறகுதான் ஜப்பானில் தெருவோரச் சாக்கடை மூடிகளுக்கு மேலேயே கூடாரம் அமைத்து உட்காரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தார்கள். சாக்கடை இருக்கிற ஊருக்கு அது சரி. ஹைட்டிக்கு அந்த வழியும் இல்லை.

இப்படியே ஒன்பது மாதம் போயிற்று. முகாம்களில் காலரா வந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அக்டோபரில் காலரா வந்தது. ஆனால் முகாமில் வரவில்லை.

தலைநகரிலிருந்து விலகி, மலைப்பகுதியில் மிர்பாலே என்ற ஊர். அதன் அருகே மெய் என்ற இடத்தில் ஒரு சிற்றோடை. ஓடைக்கரையில் ஐக்கிய நாடுகள் அமைதிப் படையின் பாசறை. அந்தப் படை 2004 முதலே நாட்டில் இருந்தது. அந்த அக்டோபரில்தான் நேபாளத்திலிருந்து ஒரு பிரிவு மாற்றுப் பணிக்கு வந்து சேர்ந்திருந்தது. நேபாளத்தில் அப்போது காலரா இருந்தது. பாசறையின் கழிவு, கசியும் குழாய்களின் வழியாகவும் திறந்த குழியிலிருந்தும் ஓடையில் கலக்கும் நிலையில் இருந்தது. ஓடை போய்ச் சேரும் இடம் அர்த்திபோனீத் ஆறு. ஹைட்டியின் மிகப் பெரிய ஆறு, அந்நாட்டின் நெல் விளையும் பள்ளத்தாக்கே அதை நம்பித்தான் இருக்கிறது. மக்கள் அதில் குளித்தார்கள், துவைத்தார்கள், வயலுக்குப் பாய்ச்சினார்கள், குடித்தார்கள். சில நாட்களில் கடலோர ஊரான சென் மார்க்கின் மருத்துவமனை வயிற்றுப்போக்கு நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. குறைந்தது ஒரு நூற்றாண்டாகக் காலரா பதிவே இல்லாத நாடு அது. யார் உடம்பிலும் எதிர்ப்பு இல்லை, எந்த மருத்துவரும் இதற்கு முன் அங்கே காலரா நோயாளியைப் பார்த்ததில்லை. 2019க்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள்.

ரெனோ பியாரூ என்ற பிரெஞ்சுத் தொற்றுநோய் ஆய்வாளர் ஊர் ஊராகப் போய், எந்தத் தேதியில் எங்கே முதல் நோயாளி என்று பின்னோக்கித் தேடி அந்த ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய குழு இன்னொன்றையும் கண்டது. தலைநகருக்குள் நோய் பரவியபோது நிலநடுக்க முகாம்கள் அதிகம் அடிபடவில்லை. சீத்தே சொலே போன்ற பழைய சேரிகள்தான் அடிபட்டன. முகாமுக்குக் குளோரின் கலந்த லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வீடு இடியாததால் நிவாரணப் பட்டியலில் ஏறாத ஏழைக்கு வரவில்லை. ஆற்றங்கரை விவசாயியை யாரும் நினைக்கவே இல்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. முகாமில் வேலை செய்தவர்கள் நல்ல வேலை செய்தார்கள், அந்த அரை மில்லிகிராம் குளோரின் முகாம் மக்களைக் காத்தது. என் தொழிலுக்கு அதைவிட மேலான சான்று வேண்டியதில்லை. அதே நேரத்தில், துணைக்கு வந்தவர்களுடைய கழிவு ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. விருந்து வைக்கிற வீட்டில் பந்தி போடும் முன்பே எச்சில் இலை விழும் இடத்தைப் பார்த்து வைப்பார்கள். ஒரு படைப்பிரிவு தங்கப்போகும் இடத்துக்கு அந்த யோசனையை யாரும் செய்யவில்லை. நீங்கள் முகாமில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: நீங்கள் தங்கும் கூடாரத்தின் கழிவறையிலிருந்து நடந்தே போய், அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். குழி என்றால் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளியிருக்கிறதா, குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறதா, மழை வந்தால் எந்தப் பக்கம் வழியும் என்று பாருங்கள். லாரி வந்து அள்ளிப்போகிறது என்றால், ஒரு நாள் அந்த லாரியில் ஏறிப் போய் எங்கே கொட்டுகிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். ஒப்பந்தக்காரர் சொன்னார் என்று எழுதிவிட்டு வராதீர்கள். அதன் பிறகு ஊருக்குச் சுத்தம் பற்றிச் சொல்லலாம்.

அந்த நேபாள வீரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலராக் கிருமியைச் சுமப்பவர்களில் பலருக்கு நோயே தெரியாது. குற்றம், பரிசோதனை இல்லாமல் அனுப்பியதிலும், பாசறைக் கழிவை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டதிலும் இருக்கிறது. 2011இல் ஐ.நா. அமைத்த நிபுணர் குழுவே பாசறையின் சுகாதார ஏற்பாடு ஓடை மாசுபடுவதைத் தடுக்கப் போதாது என்று எழுதியது. ஆனாலும் பொறுப்பேற்க அந்த அமைப்புக்கு ஆண்டுகள் பிடித்தன. 2016 டிசம்பரில்தான் அப்போதைய பொதுச்செயலாளர் பான் கீ மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது, அதில் மிகச் சிறு பகுதிதான் சேர்ந்தது. கணவனையோ பிள்ளையையோ இழந்த ஒரு குடும்பம் ஆறாண்டு காத்திருந்து ஒரு மன்னிப்பைப் பெற்றது என்றால் அது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது உங்களுக்கும் அப்படி ஒரு கோப்பு வரும். முதல் நாளிலேயே உண்மையை எழுதுங்கள்.

ஹைட்டியில் இரவில் மட்டும் வேலை செய்யும் மனிதர்கள் உண்டு. பயாக்கூ என்று அவர்களைச் சொல்கிறார்கள். ஊர் தூங்கிய பிறகு, பெரும்பாலும் உடையில்லாமல், மலக்குழிக்குள் இறங்கி வாளியால் அள்ளுகிறார்கள். அண்டை வீட்டாருக்கே அவர்கள் தொழில் தெரியாமல் மறைத்து வாழ்கிறவர்கள் உண்டு. இதைப் படிக்கும்போது தொலைதூர நாடு என்று எனக்குத் தோன்றவில்லை. 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் நம் ஊர் மலக்குழிகளில் மனிதர்கள் மூச்சடைத்துச் சாகிறார்கள். நீங்கள் வரையும் ஒவ்வொரு கழிவறைப் படத்துக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: இது நிரம்பியதும் யார் அள்ளுவார், எதனால் அள்ளுவார்? பம்பு லாரி நுழைய முடியாத சந்தில் குழி வெட்டினால், நீங்கள் ஒரு மனிதனை அதற்குள் இறக்கப் போகிறீர்கள்.

அள்ளியது போகும் இடம்? நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரின் கழிவறைக் கூண்டுகளில் உறிஞ்சியதையெல்லாம் துருதியே என்ற குப்பைமேட்டில் குழி வெட்டிக் கொட்டினார்கள். மோர்ன் அ கப்ரியில் கழிவைச் சுத்திகரிக்கும் குளங்கள் 2011இல்தான் திறக்கப்பட்டன. நாட்டிலேயே அதுதான் முதலாவது. கேமரா தண்ணீர் லாரிக்கு முன்னால் நிற்கும், இந்தக் குளத்தங்கரைக்கு வராது. நன்கொடையும் கேமரா போகிற பக்கம்தான் போகும். வடக்கே கப் ஹைசியன் நகரில் ஒரு சிறு அமைப்பு வேறு வழி கண்டது. வீட்டுக்குள் வைக்கும் உலர் கழிவறை. வாரந்தோறும் ஆள் வந்து மூடிய வாளியை எடுத்துப்போய், சூடேறும்படி மக்கவைத்து எருவாக்குகிறார்கள். நம் திருச்சி மாவட்டத்து முசிறியிலும் இதே எண்ணத்தில் உலர் கழிவறைகள் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள், ஒரு நாள் வேலைதான். தண்ணீர் குறைவான ஊருக்கும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊருக்கும் இது நல்ல வழி என்பது என் கருத்து. ஆனால் வாரந்தோறும் வரும் அந்த ஆளுக்கு மாதச் சம்பளம், கையுறை, பூட்ஸ், தடுப்பூசி எல்லாம் திட்டச் செலவிலேயே இருக்க வேண்டும். அவரைத் தன்னார்வலர் என்று பெயர் சூட்டி ஏமாற்றாதீர்கள்.

நோய் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலரா மணிக்கணக்கில் ஆளைக் கொல்லும். ஆனால் இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்துவிட்டால் நூறில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. 1971இல் வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில் நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, திலீப் மகலநாபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். சாவு பல மடங்கு குறைந்தது. தாயும் தங்கையும் செய்யக்கூடிய வைத்தியம் அது. ஹைட்டியிலும் பலர் அந்தக் கரைசலால் பிழைத்தார்கள். கரைக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2019 பிப்ரவரிக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஹைட்டியில் உறுதிசெய்யப்பட்ட காலரா நோயாளி எவரும் இல்லை. 2022 செப்டம்பரில் ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பெரிய எரிபொருள் முனையத்தை மறித்தன. டீசல் நின்றது. டீசல் நின்றதும் தண்ணீர் லாரி நின்றது, பம்பு நின்றது, குப்பை வண்டி நின்றது. அக்டோபர் தொடக்கத்தில் காலரா திரும்பி வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் கொட்டிய பணத்துக்கும் உழைப்புக்கும் பிறகும் பெரும்பாலான தெருக்களில் குழாய் வரவில்லை, சாக்கடை வரவில்லை, எல்லாமே லாரிச் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மாதத்தில் லாரி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆறாவது மாதத்திலும் லாரி மட்டுமே வந்தால் உங்கள் மேலதிகாரியிடம் போய்க் கேளுங்கள்: ஊற்று எங்கே இருக்கிறது, மேட்டிலிருந்து தானாக இறங்கிவரும்படி குழாய் போட முடியுமா, பழுதானால் ரிப்பேர் செய்ய இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்? பதில் வரும்வரை கேளுங்கள். எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை.